நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவில் கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க ஆசை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்பதுதான். 'டிசம்பர் 26' என்று பதில் வந்தால் உடனே தடுத்துவிடுவேன். பண்டிகையை ஒட்டிச் சந்தை களைகட்டும், விடுமுறையில் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நம் ஊர்க் கணக்கில் நினைத்து டிக்கெட் போடுபவர்கள் நிறைய. ஜெர்மனியில் பெரும்பாலான சந்தைகள் 24-ஆம் தேதியோடு, சில அதற்கு முந்தின நாளே, மூடப்பட்டுவிடும். 26-ஆம் தேதி போய் நின்றால் வெறும் சதுக்கத்தையும் பிரித்துப் போட்ட பலகைகளையும்தான் பார்க்க முடியும். சந்தை நடப்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம், அதாவது நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்று சொல்லும் காலம்.

அடுத்தது, எந்த ஊர். டிரெஸ்டன் சந்தை 1434-இலிருந்து நடக்கிறது, ஸ்ட்ராஸ்பூர்க் 1570-இலிருந்து. வியன்னா, கொலோன் எல்லாம் பெரிய பெயர்கள். ஒரு பயணத்தில் ஐந்து ஊர் பார்த்துவிடலாம் என்று திட்டம் போடுவார்கள். வேண்டாம். ஐந்து ஊரிலும் ஒரே மாதிரிக் கூட்டத்தில் ஒரே மாதிரிக் கோப்பையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதுதான் நடக்கும். ஒரே ஊரில் மூன்று இரவு தங்கி, வாரநாட்களில் நிதானமாகப் பாருங்கள். அந்த ஒரு ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் நியூரம்பெர்க்கைத்தான் சொல்வேன். பழைய கைவினையும் பழைய சாப்பாடும் அங்கே இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஊர் நிர்வாகமும் கண்டிப்பானது: பிளாஸ்டிக் தோரணம் கட்டக் கூடாது, கடைக்காரர்கள் பதிவு செய்த பாட்டை அலற விடக் கூடாது. கடைகள் எல்லாம் மரப்பலகை, மேலே சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரை. சுமார் 180 கடைகள். ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம் பேர் வந்து போகிறார்கள் என்பதால், எப்போது போகிறோம் என்பது முக்கியம்.

1. முதலில் தேதியைக் குறியுங்கள்

கணக்கு எளிது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்காவது ஞாயிறு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அந்த ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை நியூரம்பெர்க் சந்தை திறக்கும். 2026-இல் முதல் ஞாயிறு நவம்பர் 29, ஆகவே திறப்பு 27-ஆம் தேதி வெள்ளி. அன்றிலிருந்து டிசம்பர் 24 வரை, வழக்கமாகக் காலை 10 முதல் இரவு 9 வரை. ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. கடைசி நாள் மட்டும் பிற்பகல் 2 மணியோடு சரி.

திறப்பு விழா மாலை 5.30-க்கு. சந்தை நடக்கும் சதுக்கத்தின் கிழக்கே இருக்கும் மாதா கோவிலின் மாடத்தில் 'கிறிஸ்ட்கிண்ட்' வந்து நின்று, சந்தைக்கு எல்லோரையும் அழைக்கும் கவிதையைச் சொல்வார். பொன்னிறச் சுருள் முடி, உயரமான கிரீடம், வெள்ளையும் பொன்னுமான அங்கி. பரிசு கொண்டுவருபவர் புனித நிக்கோலாஸ் இல்லை, குழந்தை இயேசுதான் என்று மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் வலியுறுத்தியதிலிருந்து வளர்ந்த உருவம் இது. நியூரம்பெர்க் 1525-இலேயே லூதர் பக்கம் சாய்ந்த ஊர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்ப் பெண் ஒருவரை இதற்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019-இல் தேர்வானவர் இந்தியத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்த 17 வயதுப் பெண். வலதுசாரிக் கட்சியொன்றின் கிளை அவர் நிறத்தைக் குறிவைத்து இணையத்தில் எழுதியபோது, ஊரும் நாடும் அவர் பக்கம் நின்றது. எனக்கு இந்தச் சந்தை மேல் தனி மரியாதை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

திறப்பு விழாவைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் மாலை 4 மணிக்கே சதுக்கத்தில் இடம் பிடிக்க வேண்டும். கைக்குழந்தையோ வயதானவர்களோ கூட இருந்தால் அதை விட்டுவிடுங்கள், நெரிசல் தாங்காது. என் தேர்வு டிசம்பர் முதல் இரண்டு வாரங்களுக்குள் திங்கள் முதல் வியாழன் வரை. டிசம்பர் இரண்டாம் வாரம் வாக்கில் ஒரு வியாழன் மாலை, பள்ளிப் பிள்ளைகள் தாங்களே செய்த காகித விளக்குகளைத் தூக்கிக்கொண்டு கோட்டை மேட்டுக்கு ஊர்வலமாகப் போவார்கள். அந்த ஆண்டின் தேதியைப் பார்த்து, அதையும் சேர்த்துத் திட்டமிட்டால் அருமையாக அமையும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். அரையாண்டு விடுமுறை தொடங்குவதற்கும் சந்தை முடிவதற்கும் சரியாக இருக்கும். பள்ளிக்கு லீவு போட முடியாதென்றால், வியன்னா நகர மன்றச் சந்தை 26 வரையும், பெர்லினில் சில சந்தைகள் ஆண்டுக் கடைசி வரையும் நடப்பது வழக்கம், அங்கே போங்கள். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு நவம்பர் கடைசியும் டிசம்பரும் பள்ளி விடுமுறை என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

2. விசா, விமானம், ரயில்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பாவில் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா கடவுச்சீட்டு என்றால் 90 நாள் வரை விசா தேவையில்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகஸ்டிலேயே நேர்காணலுக்கு நாள் பிடித்துவிடுங்கள்; டிசம்பர் நெருங்க நெருங்க இடம் கிடைப்பது கஷ்டம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பல நாடு போவதாக இருந்தால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

விமானத்தை ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ மியூனிக்குக்கோ போடுவது வசதி. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்திலேயே அதிவேக ரயில் நிற்கும். அங்கிருந்து நியூரம்பெர்க் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். மியூனிக் மத்திய நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். முன்கூட்டியே வாங்கினால் ரயில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அந்த மலிவு டிக்கெட் குறிப்பிட்ட ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும். விமானம் தாமதமானால் காசு போச்சு. ஆகவே வந்து இறங்கும் நாளுக்கு எந்த ரயிலிலும் ஏறக்கூடிய டிக்கெட்டும், திரும்பும் நாளுக்கு மலிவு டிக்கெட்டும் எடுங்கள். திரும்பும்போது விமானத்துக்கு நாலைந்து மணி நேரம் முன்பே சேரும் ரயிலாக இருக்கட்டும். ஜெர்மன் ரயில்கள் நேரம் தவறாது என்பதெல்லாம் பழைய கதை.

நியூரம்பெர்க் விமான நிலையத்துக்கே வந்தால் யூ2 மெட்ரோ கால் மணி நேரத்துக்குள் மத்திய நிலையத்தில் விட்டுவிடும்.

3. தங்குமிடம்

பழைய ஊரின் மதிலுக்குள் தங்கினால் எல்லாமே நடந்து போகும் தூரம். ஆனால் சந்தைக் காலத்து வெள்ளி, சனி இரவுகளில் அறை வாடகை எகிறிவிடும். ஜூலை, ஆகஸ்டிலேயே, ரத்து செய்யும் வசதியோடு பதிவு செய்யுங்கள். சிக்கனமாகப் போக நினைப்பவர்களுக்கு ஒட்டியே இருக்கும் ஃப்யூர்த் நல்ல இடம். யூ1 மெட்ரோ அங்கிருந்து நேராகச் சந்தைக்குப் பக்கத்து நிலையமான லாரென்ஸ்கிர்ஷேயில் கொண்டுவந்து விடும். ஜெர்மனியின் முதல் ரயில் பாதை 1835-இல் ஓடியது இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான். அந்தப் பழைய தடத்தின் ஒரு பகுதியில்தான் இன்றைய மெட்ரோவும் போகிறது.

குடும்பமாகப் போனால் ஒரு நாள் டிக்கெட்டில் 'பிளஸ்' வகையைக் கேளுங்கள். ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் வரை போகலாம், அதில் 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் இரண்டு பேர். சனிக்கிழமை வாங்கினால் ஞாயிறும் செல்லும்.

4. குளிர்

டிசம்பரில் பகல் வெப்பம் பெரும்பாலும் 0-க்கும் 5 டிகிரிக்கும் நடுவில். மைனஸும் போகும், மழைத்தூறலும் இருக்கும். பனி கட்டாயம் விழும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள், விழாத வாரங்களே அதிகம். உடம்புக் குளிரை விடக் கால் குளிர்தான் ஆளை விரட்டும். சந்தையில் மணிக்கணக்காகக் கருங்கல் தரையில் நிற்கிறோம், குளிர் பாதம் வழியாக ஏறும். தடித்த அடியும் தண்ணீர் புகாத மேல்புறமும் உள்ள காலணி, அதற்குள் கம்பளிக் காலுறை. அதுவும் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கினால் விரல் மரத்துப்போகும். மேலே ஒரே பெரிய கோட்டைப் போடுவதை விட, உள்ளே தெர்மல், நடுவில் கம்பளி, வெளியே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் என்று அடுக்குங்கள். கடை, உணவகம், மெட்ரோ எல்லாவற்றிலும் சூடு போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும். காது மூடும் தொப்பி, கையுறை கட்டாயம். குளிரில் கைபேசி பேட்டரி மளமளவென்று இறங்கும், உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. சதுக்கத்தை அறிந்துகொள்ளுங்கள்

மத்திய நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே பழைய மதில், வட்டக் கோபுரம். அங்கிருந்து கூனிக்ஷ்ட்ராசே என்ற தெருவில் நேராக நடந்தால் லாரென்ஸ் தேவாலயம் வரும். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். தேவதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்லும் மங்கள வார்த்தைக் காட்சியை மரத்தில் செதுக்கி அந்தரத்தில் தொங்கவிட்டிருக்கிறார் சிற்பி ஃபைட் ஷ்டோஸ், 1517-18-இல். பிறகு ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஹௌப்ட்மார்க்ட் சதுக்கம். மொத்தம் கால் மணி நேர நடை.

சந்தைக்குள் நுழைவதற்கு முன் அந்த இடத்தின் கதையைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. இந்தச் சதுக்கம் ஒரு காலத்தில் யூதர்கள் வாழ்ந்த பகுதி. 1349-இல் பேரரசன் நான்காம் சார்லஸின் அனுமதியோடு அவர்கள் வீடுகளை இடித்து, 562 பேரையாவது கொன்று, அந்த இடத்தில்தான் சதுக்கத்தை அமைத்தார்கள். யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் மாதா கோவில் எழுந்தது. கோவில் முகப்பில் 1509-இல் வைத்த கடிகாரம் இருக்கிறது. தினமும் நண்பகல் 12-க்கு ஏழு இளவரசர்கள் பேரரசனைச் சுற்றி வலம் வரும் பொம்மைக் காட்சி நடக்கும். நடுவில் உட்கார்ந்திருப்பது அதே நான்காம் சார்லஸ்தான். காட்சி அழகானது. யார் அவன் என்று தெரிந்தே பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சந்தையைப் பற்றிய மிகப் பழைய சான்று ஒரு சின்ன மரப்பெட்டி. 1628-ஆம் ஆண்டுச் சந்தையிலிருந்து ஒரு பெண்ணுக்கு அனுப்பிய பரிசு என்று அதன் அடியில் எழுதியிருக்கிறது. ஊரிலுள்ள ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகம் அதைப் பாதுகாத்து வருகிறது. இடையில் சந்தை ஊருக்குள் பல இடம் மாறியது. 1933-இல் நாஜிகள் தங்கள் விளம்பரத்துக்காக அதை மறுபடி ஹௌப்ட்மார்க்டுக்குக் கொண்டுவந்தார்கள். போரில் நின்றுபோனது. 1945 ஜனவரி 2 இரவுக் குண்டுவீச்சில் பழைய ஊரில் பத்தில் ஒன்பது பங்கு நொறுங்கியது. 1948-இல் அந்த இடிபாடுகளுக்கு நடுவில் கடைகளைப் போட்டு மறுபடி தொடங்கினார்கள். இன்று நாம் பார்ப்பது அந்தத் தொடர்ச்சி.

சதுக்கத்தின் வடமேற்கு மூலையில் கோபுரம் மாதிரி 19 மீட்டர் உயரத்துக்கு ஒரு நீரூற்று நிற்கும். அதன் கம்பி வேலியில் கோத்திருக்கும் வளையத்தைச் சுற்றி வேண்டிக்கொண்டால் நடக்கும் என்று நம்பிக்கை. வரிசையில் நிற்பவர்கள் எல்லாம் அதற்குத்தான். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் சேர்ந்துகொள்வதற்கும் இந்த நீரூற்றுதான் தோதான அடையாளம். வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

6. இரண்டு முறை போங்கள்: காலையில் வாங்க, மாலையில் சாப்பிட

இதைச் சரியாகச் செய்தால் பயணம் பாதி வெற்றி. வாரநாள் காலை 10 மணிக்குக் கடை திறக்கும்போது உள்ளே போய்விடுங்கள். முதல் ஒன்றரை மணி நேரம் சதுக்கம் ஊர்க்காரர்களுடையது. கடைக்காரர் உங்களோடு பேசுவார், பொருளைக் கையில் எடுத்துக் கொடுப்பார், எங்கே செய்தது என்று கேட்டால் விளக்குவார். பொருள் வாங்குவதை இந்த நேரத்தில் முடித்துவிடுங்கள். 12 மணிக் கடிகாரக் காட்சியைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம். வாரநாட்களில் சில நாள் பிற்பகலில் கிறிஸ்ட்கிண்ட் சந்தைக்கு வந்து குழந்தைகளைச் சந்திப்பார், அந்த வார நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நடுப்பகலைக் கோட்டை, ஓவியர் ட்யூரர் வாழ்ந்த வீடு, பொம்மை அருங்காட்சியகம் என்று கழித்துவிட்டு, மாலை நான்கு மணிக்குத் திரும்பி வாருங்கள். சூரியன் நாலேகால் வாக்கில் மறைந்துவிடும். விளக்கெல்லாம் எரியத் தொடங்கி, வானத்தில் இன்னும் கொஞ்சம் நீலம் மிச்சமிருக்கும் அந்த அரைமணி நேரம் படம் எடுக்கவும் சும்மா நிற்கவும் மிக நல்லது. ஆறு மணிக்கு மேல் அலுவலகக் கூட்டம் சேரும். சனிக்கிழமை மாலை மட்டும் வேண்டவே வேண்டாம். அன்று நடக்க மாட்டீர்கள், கூட்டம் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும்.

7. சாப்பாடு

வாசனையைப் பிடித்துக்கொண்டு போனாலே வறுவல் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். நியூரம்பெர்க் சாஸேஜ் மற்ற ஊர் சாஸேஜ் போலப் பெரிதில்லை: 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளம், 20 முதல் 25 கிராம் எடை, ஆட்டுக் குடல் உறைக்குள் பன்றி இறைச்சி, மார்ஜோரம் என்ற மூலிகையின் மணம் தூக்கலாக. ஊர் எல்லைக்குள் செய்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் வைக்கலாம் என்று 2003-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. கட்டையில் தீ மூட்டி, கம்பி வலை மேல் வரிசையாகப் போட்டு, நீளக் கொறடால் ஒரே வீச்சில் புரட்டுவார்கள். மொறுமொறுப்பான சின்ன ரொட்டியைப் பிளந்து மூன்றை வைத்துக் கொடுப்பார்கள். 'ட்ரை இம் வெக்லா' என்று சொன்னால் போதும், வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். கடுகுச் சாந்து பக்கத்திலேயே இருக்கும், தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். பன்றி இறைச்சி சாப்பிடாதவர்கள் இதைத் தவிர்த்துவிட வேண்டியதுதான்.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. உருளைக்கிழங்கைத் துருவி எண்ணெயில் பொரித்த அடை, ஆப்பிள் கூழோடு. பாலாடைக்கட்டி போட்ட ஸ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ். சுட்ட செஸ்நட் கொட்டை. பெரிய செப்புச் சட்டியில் சர்க்கரைப் பாகில் புரட்டிய பாதாம். பாதாம் பொட்டலத்தைச் சூடாக வாங்கி ஜாக்கெட் பையில் போட்டுக்கொண்டால் கைக்கும் இதம். முட்டையும் சேர்க்காதவர்கள் அடையிலும் ஸ்பெட்ஸ்லேயிலும் முட்டை இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 'ஓனே ஃப்ளைஷ்?' என்று கேட்டால் இறைச்சி இல்லாமலா என்று பொருள். 'ஓனே ஷ்பெக்?' என்றும் சேர்த்துக் கேளுங்கள், ஏனென்றால் பன்றிக் கொழுப்புத் துண்டை இறைச்சிக் கணக்கில் சேர்க்காமலே தூவிவிடுவார்கள்.

க்ளூவைன் என்பது பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுச் சூடாக்கிய திராட்சை மது. இந்த ஊரில் அவுரிநெல்லி மதுவில் செய்ததும் கிடைக்கும், அது தனிச்சுவை. ஃப்ளைஷ் பாலத்துக்குப் பக்கத்தில், ரம்மில் ஊறிய சர்க்கரைக் கட்டியைத் தீ வைத்து மதுவுக்குள் சொட்டவிடும் பெரிய அண்டா ஒன்று இருக்கும். மது குடிக்காதவர்கள் 'கிண்டர்புன்ஷ்' கேளுங்கள்: அதே மசாலா, பழச்சாறு. குழந்தைகளுக்கு வாங்கும்போது ஆல்கஹால் இல்லை என்பதை ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், கோப்பையைப் பார்த்து வித்தியாசம் தெரியாது. பானத்தின் விலையோடு கோப்பைக்கு முன்பணமும் வாங்குவார்கள். குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப வரும். கொடுக்காமல் வைத்துக்கொண்டால் நினைவுப்பொருள். ஆண்டு அச்சிட்ட கோப்பையைச் சேர்ப்பவர்கள் பலர்.

அப்புறம், லேப்கூகன் என்ற மசாலா கேக். இதைப் பற்றி நான் நிறையச் சொல்வேன்.

நியூரம்பெர்க்கைச் சுற்றியிருக்கும் பெரிய காட்டில் இடைக்காலத்திலேயே தேன் எடுப்பது முறைப்படுத்தப்பட்ட தொழில். அதே நேரத்தில் வெனிஸ் வழியாக வரும் நறுமணப் பொருள் வணிகத்தில் இந்த ஊர் வணிகர்கள் கொடிகட்டிப் பறந்தார்கள். தேனும் மசாலாவும் ஒரே இடத்தில் சேர்ந்தது, லேப்கூகன் பிறந்தது. அதன் மசாலாவை எண்ணிப் பாருங்கள்: இலவங்கப்பட்டை, கிராம்பு, ஏலக்காய், இஞ்சி, மல்லி, சாதிபத்திரி. பட்டை இலங்கையிலிருந்தும் ஏலக்காய் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் அரபிக் கப்பலேறி, வெனிஸ் தொட்டு, ஆல்ப்ஸ் தாண்டி இங்கே வந்தவை. நம் சமையலறை அஞ்சறைப்பெட்டியின் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கேக் அந்நியமாகத் தோன்றாது.

வாங்கும்போது 'எலீசன்' என்ற வகையைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பெயருக்குச் சட்டம் உண்டு: பாதாம், ஹேசல்நட், வால்நட் சேர்ந்து குறைந்தது நாலில் ஒரு பங்கு இருக்க வேண்டும், மாவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது. நல்ல பேக்கரிகள் மாவே சேர்ப்பதில்லை. மாவு குறைவு என்பதால் கலவை தளர்வாக இருக்கும், நிற்காது. அதனால்தான் அடியில் மெல்லிய வெள்ளை ஓஸ்தி அப்பம் மாதிரி ஒரு தகடு. அதைப் பிரித்தெடுக்க வேண்டாம், அப்படியே சாப்பிட வேண்டியது. கடையில் மூன்று விதமாக இருக்கும்: வெறுமனே, சர்க்கரைப் பூச்சோடு, சாக்லேட் பூச்சோடு. முதல் தடவை வெறுமனே இருப்பதைச் சாப்பிடுங்கள். ஒரு விள்ளலைப் பிட்டால் உள்ளே ஈரமாக, கொட்டைத் துகளும் ஆரஞ்சுத் தோல் துண்டும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வாயில் போட்டதும் முதலில் பட்டை, பிறகுதான் இனிப்பு. வறண்டு பொடிப்பொடியாக உதிர்ந்தால் அது எலீசன் இல்லை. முட்டை சேர்த்துத்தான் செய்வார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பெரிய இதய வடிவ லேப்கூகன் தொங்கும். அது பார்க்கத்தான், தின்ன நன்றாக இருக்காது.

8. என்ன வாங்கலாம்

நியூரம்பெர்க்குக்கே உரிய பொருள் என்றால் உலர்ந்த பிளம்ஸ் மனிதர்கள். கம்பியில் உலர்பழத்தைக் கோத்துக் கை, கால், உடம்பு; தலைக்கு ஒரு வால்நட். அந்தக் கொட்டையில் கண்ணும் வாயும் வரைந்து, துணி உடுத்தி, இசைக்கலைஞர், புகைக்கூண்டு துடைப்பவர், திருமண ஜோடி, காவல்காரர் என்று விதவிதமாக நிறுத்தியிருப்பார்கள். ஒரே உருவம் இரண்டு இருந்தாலும் முகம் ஒன்றாக இராது, கொட்டையின் வரிக்குத் தக்கபடி ஒருவர் சிரிப்பார், ஒருவர் முறைப்பார். அந்தக் கடை முன்னால் நின்று முகத்தைத் தேர்ந்தெடுக்கவே எனக்குக் காலைப்பொழுது போதாது. உலர்பழம் என்பதால் ஈரம் படாத, வெயில் விழாத இடத்தில் வைத்தால் பல ஆண்டு வரும். சென்னைக் காற்றில் கண்ணாடி மூடி போட்டு வையுங்கள். வெளிநாட்டிலிருந்து பழம், தாவரப் பொருள் கொண்டுவரும் விதிகளையும் உங்கள் நாட்டு விமான நிலையத்துக்கு ஏற்பப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மடிப்பு மடிப்பான பொன் தகட்டு அங்கியோடு கையில்லாத தேவதை பொம்மை இன்னொன்று. மரத்தின் உச்சியில் வைப்பார்கள். மெல்லிய பித்தளைத் தகட்டில் செய்தது அது, தொட்டால் சரசரவென்று சத்தம் வரும். கண்ணாடி உருண்டை வாங்கினால், வாயால் ஊதிச் செய்ததா, எந்த ஊர் என்று கேளுங்கள். லௌஷா என்ற ஊரின் பெயர் வந்தால் நம்பலாம். புகை விடும் மர மனிதன், பாக்குவெட்டி போலக் கொட்டை உடைக்கும் சிப்பாய் பொம்மை, மெழுகுவர்த்திச் சூட்டில் சுழலும் அடுக்குக் கோபுரம் எல்லாம் எர்ட்ஸ்கெபிர்கே மலைப் பகுதிக் கைவேலை. இதே மாதிரி இயந்திரத்தில் செய்ததும் மலிவாகக் கிடைக்கும். எது எந்த ஊரில் செய்தது என்று கேட்டால் நல்ல கடைக்காரர் மறைக்காமல் சொல்வார், சொல்லத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

பேரம் பேசும் வழக்கம் இல்லை. கார்டு வாங்கும் கடைகள் கூடிக்கொண்டே வந்தாலும் சின்னக் கடைகளுக்கும் கழிப்பறைக்கும் சில்லறை யூரோ வேண்டும். கழிப்பறைக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும், அதற்கென்று நாணயங்களைத் தனியாக வையுங்கள். பணப்பை முன்பக்கத்தில் இருக்கட்டும், நெரிசலில் ஜேப்படி உண்டு. பெரிய பையோடு சந்தைக்குள் போகாதீர்கள். பெர்லினிலும் மக்டபுர்க்கிலும் சந்தைக் கூட்டத்துக்குள் வாகனத்தை ஏற்றி நடத்திய தாக்குதல்களுக்குப் பிறகு பாதுகாப்பு அதிகம். மத்திய நிலையத்தில் பையை வைத்துப் பூட்டும் பெட்டகம் இருக்கிறது.

கண்ணாடிப் பொருளைக் காலுறைக்குள் நுழைத்து, லேப்கூகன் தகரப் பெட்டிக்குள் வைத்துக் கைப்பையில் எடுத்துப் போங்கள்.

9. குழந்தைகளோடு போனால்

பெரிய சந்தையில் குழந்தைகள் அரைமணி நேரத்தில் அலுத்துப்போவார்கள், அவர்கள் உயரத்துக்கு ஆட்களின் முழங்கால்தான் தெரியும். இரண்டு நிமிட நடையில் ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் அவர்களுக்கென்றே ஒரு தனிச் சந்தை: இரண்டு அடுக்குக் குதிரை ராட்டினம், சின்ன ரயில், குக்கி சுடும் கடை. நேராக அங்கே கூட்டிப்போய்விடுங்கள். தள்ளுவண்டி கருங்கல் தரையில் உருள்வது பெரும்பாடு, கைக்குழந்தை என்றால் அதைவிட உடம்போடு கட்டிக்கொள்ளும் துணியே நல்லது. பக்கத்திலேயே நகர மன்றத்துக்கு முன்னால், நியூரம்பெர்க்கின் நட்பு நகரங்கள் தங்கள் பொருட்களை விற்கும் சின்னச் சந்தையும் உண்டு. கூட்டம் குறைவு, எட்டிப் பார்க்கலாம்.

10. ஒரு நாள் மிச்சமிருந்தால்

பாம்பெர்க் போங்கள், உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கே சந்தையை விடக் கிறிஸ்து பிறப்புக் குடில்கள்தான் விசேஷம். தேவாலயம், அருங்காட்சியகம், சதுக்கம் என்று ஊரெங்கும் வைத்திருப்பார்கள், வரைபடம் வாங்கி ஒவ்வொன்றாக நடந்து பார்க்கலாம். ரோட்டன்பூர்க் மிக அழகான ஊர், ஆனால் இரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டும், பகல் நேரம் குறைவு. இந்த ஊர்கள் இருக்கும் பவேரியா மாநிலத்துக்கான நாள் டிக்கெட் எடுத்தால் உள்ளூர் ரயில்கள் எல்லாவற்றிலும் போகலாம். ஐந்து பேர் வரை சேர்ந்து எடுத்தால் ஆளுக்கு மிகக் குறைவாகவே ஆகும். வாரநாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும்.

24-ஆம் தேதி வரை ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு முன்னெச்சரிக்கை. அன்று பிற்பகலோடு சந்தை மட்டுமில்லை, சூப்பர் மார்க்கெட், கடைகள் எல்லாமே மூடிவிடும்; 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. 23-ஆம் தேதியே ரொட்டி, பால், பழம், குழந்தைக்கு வேண்டிய மருந்து எல்லாம் வாங்கி வையுங்கள். 25 இரவுச் சாப்பாட்டுக்கு உணவகத்தில் முன்பதிவு செய்யுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் மத்திய நிலையத்துக்குள் சில பேக்கரிகளும் கடைகளும் திறந்திருக்கும்.